பதவி இல்லாத விருந்தாளி: போர்க்காலத்தில் ஒரு தலைவரின் துணைவியை வரவேற்பது எப்படி?

1943 மே மாதம் வெள்ளை மாளிகையில் மூன்று பேருக்கான ஒரு மதிய விருந்து நடக்காமல் போனது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பிரிட்டன் பிரதமர் சர்ச்சில், சீனத் தலைவர் சியாங் கை ஷேக்கின் மனைவி சூங் மெய்லிங் ஆகியோர்தான் அந்த மூவர். சர்ச்சில் அப்போது போர் ஆலோசனைக்காக வாஷிங்டனில் இருந்தார், மெய்லிங் நியூயார்க்கில். சந்திக்கலாம், ஆனால் சர்ச்சில் நியூயார்க்குக்கு வரட்டும் என்பது மெய்லிங்கின் நிலை. சர்ச்சில் போவதாக இல்லை. இந்த இழுபறியைத் தீர்க்க ரூஸ்வெல்ட் இருவரையும் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். மெய்லிங் மறுத்துவிட்டார். ஒரே எதிரியோடு போரிட்டுக்கொண்டிருந்த இரு நாடுகளின் முக்கியப் புள்ளிகள், ரயிலில் சில மணி நேரத் தொலைவில் இருந்தும் முகம் பார்க்காமலே பிரிந்தார்கள்.

வீம்பு என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். வீம்பும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் அடியில் இருந்தது ஒரு நடைமுறைச் சிக்கல். யார் யாரைத் தேடிப் போவது என்பதை ராஜதந்திரத்தில் பதவியை வைத்து முடிவு செய்வார்கள். தூதர் அமைச்சரைத் தேடிப் போவார். அமைச்சர் இன்னொரு நாட்டின் அதிபரைத் தேடிப் போவார். மெய்லிங்கை இந்த ஏணியின் எந்தப் படியில் வைப்பது? பதவிப் பட்டியலைப் பார்த்தால் அவர் ஒரு தலைவரின் மனைவி மட்டுமே. நடைமுறையிலோ கணவரின் மொழிபெயர்ப்பாளர், ஆலோசகர், ஆங்கிலம் பேசும் உலகத்துக்குச் சீனாவின் குரல். சர்ச்சில் முதல் கணக்கை வைத்துக்கொண்டார், மெய்லிங் இரண்டாவது கணக்கை.

தலைவரின் துணைவர் ஒருவர் போர்க்காலத்தில் வெளிநாடு போகும்போது செய்யப்படும் ராஜதந்திர ஏற்பாடுகள் அனைத்தும் சுற்றிச் சுற்றி இந்த ஒரு கேள்விக்குத்தான் வந்து சேர்கின்றன: பதவி இல்லாத இந்த மனிதரின் சொல்லுக்கு எவ்வளவு எடை? பாதுகாப்பு, விமானம், விருந்து எல்லாம் அதற்கு அடுத்தவை. இரு நாடுகளும் அந்த எடையை முன்கூட்டியே ஒரே மாதிரி நிறுத்துக்கொண்டால் பயணம் ஒழுங்காக நடக்கும். ஆளுக்கொரு தராசு வைத்திருந்தால் எவ்வளவு பெரிய வரவேற்பு கொடுத்தாலும் எங்கோ ஓரிடத்தில் முட்டும்.

சட்டம் இதில் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. அரச தலைவர்கள், தூதர்கள் போன்றோருக்கு எதிரான குற்றங்களைத் தடுக்க ஐ.நா. 1973இல் ஓர் உடன்படிக்கையை ஏற்றது. அதன் முதல் பிரிவிலேயே பாதுகாப்புக்கு உரியவர்கள் யார் யார் என்று வரையறுத்திருக்கிறார்கள். அரச தலைவர், அரசாங்கத் தலைவர், வெளியுறவு அமைச்சர் ஆகியோரோடு, அவர்களுடன் செல்லும் குடும்பத்தினரும் அதில் உண்டு. ‘உடன் செல்லும்’ என்பதைக் கவனியுங்கள். கணவரோடு வந்தால் மனைவி அந்த வரையறைக்குள் வந்துவிடுகிறார். தனியாக வந்தால் அந்த வரி அவரை நேரடியாகத் தொடுவதில்லை. ஆகவே தனியாக வரும் துணைவரின் தகுதியும் பாதுகாப்பும் பெரும்பாலும் வரவேற்கும் நாடு மரியாதை நிமித்தம் தருபவை. அவற்றை ஒவ்வொரு பயணத்துக்கும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். (கட்டுரையில் வரும் உதாரணங்கள் எல்லாம் மனைவியராகவே இருப்பதற்குக் காரணம் வேறொன்றுமில்லை, போர்க்காலத் தலைவர்களில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்களாக இருந்ததுதான்.)

பேச்சு தொடங்குவது அழைப்பிலிருந்து. அழைப்பது யார், எந்தப் பெயரில் என்பது முதல் முடிவு. அரசின் பெயரில் அழைத்தால் அது அரசுமுறைப் பயணம். அணிவகுப்பு, கொடி, கூட்டறிக்கை என்று எதிர்பார்ப்புகள் வரிசை கட்டும். தலைவரின் மனைவி இன்னொரு தலைவரின் மனைவியை அழைத்தால் அது நட்புப் பயணம். செஞ்சிலுவைச் சங்கமோ பல்கலைக்கழகமோ அழைத்தால் அரசு ஒதுங்கி நிற்கலாம். மருத்துவச் சிகிச்சைக்கு வருகிறார் என்றால் யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

மெய்லிங்கின் பயணம் இந்தக் கடைசி வழியில்தான் தொடங்கியது. 1942 அக்டோபரில் சீனாவின் போர்க்காலத் தலைநகரான சோங்கிங்குக்கு வந்த அமெரிக்க அரசியல்வாதி வெண்டல் வில்கி, நீங்களே நேரில் வந்து அமெரிக்க மக்களிடம் பேசுங்கள் என்று அவரைத் தூண்டினார். நவம்பர் 27ஆம் தேதி அவர் நியூயார்க் அருகே ஒரு விமானத் தளத்தில் வந்து இறங்கினார். அதிபரின் மிக நெருங்கிய ஆலோசகர் ஹாரி ஹாப்கின்ஸ் மட்டும் காரோடு காத்திருந்தார். அணிவகுப்பு இல்லை. நேராக மருத்துவமனை.

அந்தக் கார்ப் பயணத்தைப் பற்றி ஹாப்கின்ஸ் எழுதி வைத்த குறிப்பு, இந்தத் துறையில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் பாடமாக வைக்கத் தகுந்தது. சிகிச்சைக்கும் ஓய்வுக்கும் தவிர வேறு எதற்கும் நான் வரவில்லை, இதை அதிபரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள் என்றாராம் மெய்லிங். சொன்ன அதே மூச்சில் சீன-அமெரிக்க உறவு பற்றிய பல விஷயங்களை எடுத்துப் போட்டாராம். போரை வெல்ல வேண்டுமானால் முழுப் பலத்தையும் முதலில் ஜப்பான் மீது திருப்ப வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது.

இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. அவருக்கு உடல்நிலை சரியில்லை என்பதும் உண்மை; ஏறத்தாழ பதினொரு வாரங்கள் மருத்துவமனையில் இருந்தார். ஆனால் அந்த மருத்துவமனைக் காலம் இரு தரப்புக்கும் வசதியாகவும் இருந்தது. அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் நோயாளியைப் பார்க்கப் போகிறவராக அவரைச் சந்தித்துப் பழக முடிந்தது. என்ன பேசுவார், எங்கெல்லாம் போவார் என்பதற்கெல்லாம் அவகாசம் கிடைத்தது. 1943 பிப்ரவரி 17 அன்று வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ரூஸ்வெல்ட் தம்பதியர் நேரில் வந்து வரவேற்றபோதுதான் பயணத்தின் அரசியல் பகுதி வெளிப்படையாகத் தொடங்கியது. ஒரே பயணத்தைத் தனிப்பட்டது, அரசியல் சார்ந்தது என்று இரண்டாக வெட்டி, நடுவில் இடைவெளி விடும் இந்த உத்திக்கு இன்றும் மதிப்பு உண்டு.

அடுத்தது கோரிக்கை. துணைவரின் பயணம் வெறும் நல்லெண்ணப் பயணம் என்று எல்லா அறிக்கைகளும் சொல்லும். போர் நடக்கும் நாட்டிலிருந்து வருபவர் எதையாவது கேட்காமல் போகமாட்டார் என்பது வரவேற்கும் நாட்டு அதிகாரிகளுக்கும் தெரியும். என்ன கேட்பார், அதை மூடிய அறையில் கேட்பாரா மேடையில் கேட்பாரா என்பதைத்தான் முன்கூட்டியே அறிய வேண்டும். மூடிய அறையில் கேட்டதற்கு ‘பார்க்கலாம்’ என்று சொல்லித் தப்பிக்கலாம். மேடையில் கேட்டால் மக்கள் கை தட்டிவிடுவார்கள், பதில் சொல்லியாக வேண்டும்.

மெய்லிங் மேடையைத் தேர்ந்தெடுத்தார். பிப்ரவரி 18 அன்று அமெரிக்க செனட்டில் தயாரிப்பின்றிப் பேசினார், பிறகு பிரதிநிதிகள் சபையில் எழுதி வைத்த உரையை நிகழ்த்தினார். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் பேசியிருந்தார். ஆனால் அவர் ஒரு நாட்டின் அரசி. மெய்லிங்குக்கு எந்த அரச பதவியும் இல்லை. ஆனாலும் அரசிக்குக் கிடைத்த மேடை அவருக்கும் கிடைத்தது. எடையை நிறுக்கும் தராசு இங்கே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். ஹிட்லரை முதலில் வீழ்த்துவது என்று ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் எடுத்திருந்த முடிவுக்கு எதிராக, ஜப்பானைக் குறைத்து மதிப்பிடாதீர்கள் என்று அவர் அமெரிக்க ஆங்கிலத்தில், அமெரிக்கக் கல்லூரியில் படித்தவருக்கே உரிய லாவகத்தோடு வாதாடினார். சபை எழுந்து நின்று கை தட்டியது.

மறுநாள் அதிபரின் அலுவலக அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட நிருபர்கள் திரண்டார்கள். மெய்லிங் அருகில் அமர்ந்திருக்க, சீனாவுக்கு உதவி எப்போது போய்ச் சேரும் என்ற கேள்விக்கு ரூஸ்வெல்ட், ஆண்டவன் அனுமதிக்கும் வேகத்தில் அனுப்புவோம் என்ற பொருளில் பதில் சொன்னார். கூடுதலாகச் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மெய்லிங்கிடம் கேட்டபோது, தனக்குத் தானே உதவிக்கொள்பவனுக்குத்தான் ஆண்டவன் உதவுவான் என்று முடித்துவைத்தார். நிருபர்கள் சிரித்து ரசித்தார்கள். நிகழ்ச்சி நிரல் தயாரித்த அதிகாரி ஒருவர் அந்த அறையில் இருந்திருந்தால் அவருக்கு வியர்த்திருக்கும். கூட்டு நிருபர் சந்திப்பு என்பது விருந்தாளிக்குக் கொடுக்கும் வெற்றுக் காசோலை.

2022 ஜூலையில் உக்ரைன் அதிபரின் மனைவி ஒலேனா செலென்ஸ்கா வாஷிங்டன் வந்தபோதும் காங்கிரஸ் உறுப்பினர்கள் முன்னால் பேசினார். அவரும் நேரடியாக ஆயுதம் கேட்டார்: வான் பாதுகாப்பு அமைப்புகள். ஆனால் அதைக் குண்டுவீச்சில் இறந்த, காயம்பட்ட குழந்தைகளின் படங்களோடு, ஒரு தாயாகக் கேட்டார். அதே கோரிக்கையை உக்ரைன் அமைச்சர்களும் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். ஆகவே புதிதாக யாருக்கும் அதிர்ச்சி இல்லை. துணைவரின் உரையை எழுதுபவர்கள் நினைவில் வைக்க வேண்டியது இந்த வேறுபாடு: அரசு ஏற்கெனவே கேட்டதை உருக்கமாகச் சொல்வது ஒன்று, அழைத்த நாட்டின் போர்த் திட்டத்தையே அந்த நாட்டு மக்களிடம் கேள்விக்கு உள்ளாக்குவது வேறொன்று.

இடத்துக்கு வருவோம். எந்த ஊரில் சந்திப்பது என்பதற்குள் பாதி அரசியல் அடங்கிவிடும். இதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1942 பிப்ரவரியில் சியாங் கை ஷேக்கும் மெய்லிங்கும் இந்தியா வந்தார்கள். காந்தியை வார்தாவில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது சியாங்கின் விருப்பம். ஒரு நேச நாட்டின் தலைவர் வைஸ்ராயின் விருந்தாளியாக வந்துவிட்டு, ஆட்சியை எதிர்க்கும் தலைவரை அவருடைய இடத்துக்கே தேடிப் போவதா என்று பிரிட்டிஷ் தரப்பு கொதித்தது. சர்ச்சிலே தலையிட்டு வேண்டாம் என்றார். சந்திக்காமல் திரும்பவும் சியாங் தயாராக இல்லை. கடைசியில் காந்தி கல்கத்தாவுக்கு வர, பிப்ரவரி 18 அன்று பிர்லாவின் வீட்டில் சந்திப்பு நடந்தது. பேச்சு முழுவதையும் மொழிபெயர்த்தவர் மெய்லிங். வார்தாவுமில்லை, வைஸ்ராய் மாளிகையுமில்லை. மூன்று தரப்பும் மானம் கெடாமல் விலகிக்கொள்ள ஒரு தனியார் வீடு உதவியது. விடைபெறும்போது சியாங் இந்திய மக்களுக்கு விடுத்த செய்தியை வானொலியில் ஆங்கிலத்தில் வாசித்ததும் மெய்லிங்தான். அடுத்த ஆண்டு சர்ச்சிலோடு ஏற்பட்ட உரசலை இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் புரியும்.

இடத்தேர்வு கச்சிதமாக அமைந்த ஒரு பயணத்தையும் சொல்ல வேண்டும். 2022 மே 8 அன்று அமெரிக்க அதிபரின் மனைவி ஜில் பைடன், முன்னறிவிப்பு இல்லாமல் ஸ்லோவாக்கியா எல்லையைக் கடந்து உக்ரைனின் உஜ்ஹோரோத் நகருக்குள் போனார். எல்லையிலிருந்து காரில் பத்து நிமிடத் தொலைவு. வீடிழந்து வந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் செலென்ஸ்காவைச் சந்தித்தார். போர் தொடங்கியதிலிருந்து செலென்ஸ்கா பொதுவெளியில் தோன்றியது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய வாரங்களில் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து இருந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

இந்தத் தேர்வுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் திட்டமிட்டவர்களின் கை தெரியும். தலைநகர் கீவ் அல்ல. அங்கே போயிருந்தால் அதிபரின் மனைவி ராணுவப் பாதுகாப்போடு போர்க்களத்துக்குப் போனதாக ஆகியிருக்கும். எல்லையோர நகரம் என்பதால் ஆபத்து குறைவு, ஆனால் உக்ரைன் மண்தான். நாள் அமெரிக்காவின் அன்னையர் தினம். எனவே இது இரண்டு தாய்மார்களின் சந்திப்பு, இரண்டு அரசுகளின் பேச்சுவார்த்தை அல்ல என்று யாரும் விளக்கவே தேவையில்லாமல் போனது. இருவரும் குழந்தைகளோடு உட்கார்ந்து மெல்லிய காகிதத்தில் கரடி பொம்மை செய்தார்கள். கரடி அந்த வட்டாரத்தின் சின்னம். ஒப்பந்தமோ கூட்டறிக்கையோ இல்லை. ஆனாலும் அமெரிக்க அதிபருக்கு மிக நெருக்கமானவர் உக்ரைனுக்குள் கால் வைத்துவிட்டார். அதிபர் பைடன் கீவுக்குப் போனது 2023 பிப்ரவரியில்தான். பதவி இல்லாதவர் முன்னால் போய் வழி பார்த்தார் என்றும் இதைச் சொல்லலாம்.

பாதையும் ரகசியமும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேலை கடினமானது, தத்துவம் எளிது. புறப்படும் நாள் மிகச் சிலருக்கே தெரிய வேண்டும், செய்தி பயணம் முடிந்த பிறகோ ஆள் பத்திரமாகச் சேர்ந்த பிறகோ வெளியாக வேண்டும், திரும்பும் வழி போகும் வழியைவிட உறுதியாக இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் புள்ளியில்தான் எலினோர் ரூஸ்வெல்ட்டின் 1942 லண்டன் பயணம் தடுமாறியது. அக்டோபரில் அவர் போனபோது சங்கேதப் பெயர் ‘ரோவர்’. நடுநிலை நாடான அயர்லாந்து வழியாகப் பறக்கும் படகு என்ற வகை விமானத்தில் சிக்கலின்றிப் போய்ச் சேர்ந்தார். நவம்பரில் திரும்ப வேண்டியபோது எந்த விமானத்தில், எந்த வழியில் அனுப்புவது என்று சர்ச்சிலும் அமெரிக்கத் தூதரும் வாஷிங்டனும் மாற்றி மாற்றி விவாதித்தார்கள். கடைசியில் ரூஸ்வெல்ட்டே பொறுமை இழந்து, எப்படியாவது அனுப்பி வையுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பாதுகாப்புக்கு ஒரு விலையும் உண்டு, அதைக் கொடுப்பது படைவீரர்கள். 1943இல் எலினோர் தென் பசிபிக் சென்றபோது குவாடல்கனால் தீவுக்கும் போக விரும்பினார். அட்மிரல் ஹால்சி தயங்கினார். பக்கத்து நியூ ஜார்ஜியா தீவுகளில் சண்டை நடக்கிறது, எனக்கு ஒவ்வொரு போர் விமானமும் வேண்டும், உங்களுக்குத் துணையாக அனுப்ப முடியாது என்பது அவருடைய நியாயம். முகத்துக்கு நேராக இப்படிச் சொல்லும் தளபதி ஒவ்வொரு பயணத்துக்கும் ஒருவர் தேவை. ஆனால் எலினோர் மருத்துவமனைகளில் காயம்பட்ட வீரர்களிடம் ஒவ்வொரு கட்டிலாக நின்று பேசியதைப் பார்த்த அதே ஹால்சி மனம் மாறி, பின்னர் குவாடல்கனால் போகவும் சம்மதித்தார்.

மிச்சமிருப்பது வீட்டு ஏற்பாடு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும். பத்திரிகைகளுக்கு இதுதான் தீனி. எலினோர் பக்கிங்ஹாம் அரண்மனையில் தங்கியபோது குளியல் தொட்டியில் ஒரு கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். அதற்கு மேல் தண்ணீர் நிரப்பக் கூடாது. சாப்பாடு தங்க, வெள்ளித் தட்டுகளில் வந்தது. ஆனால் ரொட்டி, ஊரில் எல்லா வீட்டிலும் சாப்பிட்ட அதே போர்க்கால ரொட்டி. விருந்தாளிக்காகப் பங்கீட்டை மீறியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். மீறாமல் இருந்ததால், பிரிட்டன் எப்படிப்பட்ட நெருக்கடியில் இருக்கிறது என்பதை எந்தப் பேச்சாளரின் துணையும் இல்லாமல் எலினோர் புரிந்துகொண்டார். அவர் ஊர் திரும்பி எழுதியது அதைத்தான்.

வெள்ளை மாளிகையில் மெய்லிங் தங்கியபோது கதை வேறு. பட்டுப் படுக்கை விரிப்புகளைத் தானே கொண்டுவந்திருந்தார். அறையில் மணி இருந்தும், பணியாளர்களைக் கை தட்டி அழைப்பதாகப் பேச்சு எழுந்தது. உடன் வந்த உறவுக்காரப் பெண் ஆண்களைப் போல உடுத்தியிருந்ததால், ரூஸ்வெல்ட்டே அவரைப் பையன் என்று நினைத்து அழைத்துவிட்டார். இவை ஒவ்வொன்றும் சின்ன விஷயம். உடன் வருபவர்கள் யார், அவர்களை எப்படி அழைப்பது, விருந்தாளியின் வழக்கங்கள் என்ன என்று ஒரு பக்கக் குறிப்பு தூதரகத்திலிருந்து முன்பே போயிருந்தால் இவற்றில் பாதி வெளியே வந்திருக்காது. பசியில் வாடும் மக்களுக்காக நிதி கேட்டு வந்தவரின் பட்டு விரிப்பு, காங்கிரஸ் உரை அளவுக்கு நினைவில் தங்கிவிட்டது.

விருந்தாளி கிளம்பியதும் முன்னேற்பாட்டுக் குழு கலைந்துவிடும். பயணத்தில் கேட்ட குறைகளை, கொடுத்த வாக்குறுதிகளை யார் தொடர்வது என்பதை எழுதி வைக்காவிட்டால் அவை காற்றோடு போகும். பதவி இல்லாதவரால் கையெழுத்துப் போட முடியாது, உத்தரவிட முடியாது. சரியான ஆளிடம் சரியான நேரத்தில் சொல்ல மட்டுமே முடியும். பிரிட்டனில் முகாம் முகாமாகப் போன எலினோரிடம் அமெரிக்க வீரர்கள் சொன்ன குறைகளில் ஒன்று, மெல்லிய பருத்திக் காலுறையில் நடந்து நடந்து காலில் கொப்புளம் வருகிறது என்பது. அவர் அதை மேடையில் பேசவில்லை, பத்திரிகையாளர்களிடமும் கொண்டு போகவில்லை. தளபதி ஐசனோவரிடம் நேராகச் சொன்னார். ஐசனோவர் விசாரித்தார்; கம்பளிக் காலுறைகள் கிடங்கிலேயே இருந்தன. அவை வீரர்களுக்குப் போய்ச் சேர்ந்தன.